கூடாரத்தில் நான் கேட்ட கேள்வி

"பாலைவனமா? நான் காணாத பாலைவனமா?" என்றுதான் அத்தான் ஆரம்பித்தார். அத்தான் என்றால் என் அக்காளின் மாப்பிள்ளை. இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் மாடி வீடு கட்டி உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் உலகம் சொல்லிக்கொடுக்கிறவர். எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் "நான் அங்க உள்ளவனாக்கும், எனக்குத் தெரியும்" என்று ஒரு முத்திரை குத்திவிடுவார். அந்த முத்திரைதான் என் வாழ்க்கையிலும் விழுந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இரக்கப்பட்டு யாரும் வாசிக்க வேண்டாம்.

அவர்களுக்கு ஒரே மகள், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அக்கா அத்தானோடு வளைகுடாவில் போய் இருந்த காலத்தில், அஞ்சாம் கிளாஸிலிருந்து பன்னிரண்டு முடிகிற வரைக்கும் அவள் என் வீட்டில்தான் வளர்ந்தாள். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். பள்ளிக்கூட டைரியில் அம்மா கையெழுத்துப் போடுகிற இடத்தில் என் கையெழுத்துதான் இருக்கும். எனக்கு மாப்பிள்ளையும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவள் இருந்தாள், அது போதும் என்று இருந்தேன்.

அவள்தான் அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்கென்று லடாக்குக்கு டிக்கெட் போட்டாள். ஆறு நாள். மலைக்கு மேல் இருக்கிற குளிர்ப் பாலைவனம், மணல்மேடு, வெந்நீர் ஊற்று, உப்புத் தண்ணீர் ஏரி, ஏரிக்கரையில் கூடாரத்தில் தங்கல் என்று போனில் படம் படமாக அனுப்பினாள். எனக்கும் ஒரு டிக்கெட். "சித்தி, நீங்க வந்தா எனக்குத் தைரியம். ஒரு நர்ஸ் கூட இருக்கது நல்லதுல்லா?" என்றாள். நான் மறுக்கவில்லை. அத்தானோடு ஆறு நாள் ஒரே வண்டியில் இருக்க ஒரு சந்தர்ப்பம் வந்ததே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. என்ன மாதிரிச் சந்தோஷம் என்று இனி சொல்கிறேன்.

எனக்கு இருபத்தெட்டு வயதில் நானும் அதே வளைகுடா நாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது மண்டைக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை வந்து பார்த்தார். பிடித்துப்போயிற்று. அவருக்கும்தான். பூ வைக்க நாள் குறித்தாயிற்று. அதற்கு நாலு நாளைக்கு முன்பு "இது சரிப்பட்டு வராது" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்கள். ஏன் என்று சொல்லவில்லை. அப்பா அந்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்டுவிட்டு, பதில் இல்லாமல் திரும்பி வந்து, அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. வளைகுடா வேலையை விட்டுவிட்டு நான் ஊர் ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்தேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு இடமும் அப்படியே கலைந்தது. கிரகம் சரியில்லை என்று அப்பா கோவில் கோவிலாக நடந்தார். நடந்து நடந்து போயும் சேர்ந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வடசேரிச் சந்தையில் அந்த வாத்தியாரின் அம்மாவைப் பார்த்தேன். வயதாகி, நடை தளர்ந்து, கையில் ஒரு கட்டுக் கீரையோடு நின்றார். என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். "மோளே, தப்பா நெனைக்காதே. எனக்க மனசுல கிடந்து அரிக்குது. உனக்க அக்கா மாப்பிள்ளைதான் போன் போட்டுச் சொன்னாரு. 'ராத்திரி டூட்டின்னு போற நர்ஸ் பிள்ளையளுக்க கதை எனக்குத் தெரியும். நான் அங்க உள்ளவனாக்கும். நீங்க பாத்துச் செய்யுங்க'ன்னாரு. சொந்தக்காரனே சொல்லும்பம் நாங்க என்ன செய்ய?" என்றார்.

நான் கீரைக்காரி முன்னால் நின்றபடி கேட்டுக்கொண்டேன். காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாத்தியார் என்னைப் பார்க்க வந்ததற்கு முந்தின வருஷம்தான் அத்தான் தன் தம்பிக்கு என்னைக் கேட்டிருந்தார். தம்பி குடிகாரன். அப்பா முடியாது என்று சொல்லியிருந்தார். அந்தக் கொதிப்பை இப்படி ஆற்றிக்கொண்டிருக்கிறார் சவத்துமனுசன்.

நேரே போய் அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம்தான். என்ன நடக்கும்? "எந்தக் கிழவி சொன்னா, கூட்டிட்டு வா" என்பார். அக்கா அழுவாள். ஊர் ரெண்டு பக்கமும் பேசும். எனக்கு அது போதாது. 'நான் சொன்னது பொய்யாக்கும்' என்று அந்த மனுசன் அவர் வாயால் சொல்ல வேண்டும். என் பேரை எடுத்தவர் அவர்தான், அவர்தான் திருப்பித் தரவும் வேண்டும். அதற்காக ஆறு வருஷம் காத்திருந்தேன். அந்த ஆறு வருஷமும் ஓணத்துக்கும் தீபாவளிக்கும் அவர் இலையில் நானே அவியல் விளம்பினேன்.

இனி லடாக்குக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டு, மலை உயரத்துக்கு உடம்பு பழகுவதற்கான மாத்திரை நாலு பேருக்கும் வாங்கியிருந்தேன். புறப்படுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். அத்தானிடம் நீட்டினேன். "எனக்கா? அம்பது டிகிரி வெயில்ல மொட்டை மாடியில நின்னு ஏ.சி. மாட்டினவன் நான். பாலைவனத்துக்கு மாத்திரையா பிள்ளே?" என்று சிரித்தார். கம்பளிச் சட்டை வேண்டாம் என்று இடுப்பில் கட்ட இரண்டு சாரமும் பருத்திச் சட்டையும் வெயிலுக்குத் தலையில் கட்ட அரபிக்காரன் துண்டும் எடுத்துவைத்திருந்தார். பாலைவனம் என்றால் அவருக்கு ஒரே பாலைவனம்தான். நம்ம ஊரில் வளைகுடா போய் வந்தவர்கள் பாதிப் பேருக்கு இந்தக் கோளாறு உண்டு. அங்கே கண்டதுதான் உலகம்.

மாத்திரையை ஒரு தடவை நீட்டினேன். வாங்கவில்லை. என் கைப்பையில் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

லே விமான நிலையத்தில் இறங்கியதும் முதலில் தெரிந்தது அந்த வெளிச்சம்தான். கண்ணைக் குத்துகிற வெளிச்சம், ஆனால் வெயிலில் சூடு இல்லை. சுற்றிலும் புல் பூண்டு இல்லாத மலைகள், காவியும் சாம்பலும் மங்கல் ஊதாவுமாக. கீரிப்பாறை ரப்பர்க் காட்டில் வானமே தெரியாமல் நடந்து பழகிய கண்ணுக்கு அவ்வளவு வெறுமை பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. கொண்டுபோயிருந்த நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் எல்லாம் காற்றழுத்தம் குறைந்து உப்பி, இப்போ வெடிக்குமோ பிறகு வெடிக்குமோ என்று நின்றது. மகள் அதைப் பார்த்துச் சிரி சிரி என்று சிரித்தாள்.

ஓட்டல்காரர் தெளிவாகச் சொன்னார், இரண்டு நாள் அறையில் படுத்திருங்கள், தண்ணீர் நிறைய குடியுங்கள், குளிக்க வேண்டாம். குளிக்காமல் இருக்க அத்தானால் முடியுமா? மறுநாள் விடிந்தும் விடியாமலும் தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். எண்ணெய் கல்லாக உறைந்திருந்தது. ஸ்பூன் காம்பால் தோண்டி எடுத்துத் தலையில் தேய்த்துக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி வந்து நின்றார். அன்று முழுக்க ஊர் சுற்றினார். ஒரு குன்றின் மேலிருந்த வெள்ளை ஸ்தூபிக்கு அத்தனை படியும் ஏறினார். நாங்கள் மூன்று பேரும் அறையில் கிடந்தோம்.

சாயங்காலம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏட்டி, தலைவலி மாத்திரை இருக்கா? அவருக்காக்கும். உனக்கிட்ட சொல்லாதேன்னாரு" என்றாள். கொடுத்தேன். இரவு அவர் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றார். உதட்டில் லேசாக ஒரு நீலம். வார்டில் இருபத்தெட்டு வருஷம் நின்றவள் நான். ஒரு மனுசனின் முகத்தைப் பார்த்தால் அவன் உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியும்.

மகளுடைய திட்டத்தில் மூன்றாம் நாளும் லேயில் ஓய்வு என்று இருந்தது. அத்தான் அதை வெட்டிவிட்டார். "படுத்துக் கிடக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" மகள் என்னைத் தனியாக வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். "சித்தி, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லேல்லா? நீங்க சொன்னா நாம ஒரு நாள் இங்கயே இருப்போம்."

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் கேட்டிருப்பாள். நான் சொன்னது இது: "ஒண்ணும் இல்ல மக்கா. பிரயாணக் களைப்பு."

ஏன் அப்படிச் சொன்னேன்? செத்துப்போகட்டும் என்று நினைத்தேனா? இல்லை. சத்தியமாக இல்லை. அந்த மனுசனுக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவர் பெண்சாதி முன்னாலும் மகள் முன்னாலும் வாந்தி எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து "பிள்ளே, என்னவாவது செய்" என்று கெஞ்ச வேண்டும். அப்போது நான் என் கேள்வியைக் கேட்பேன். இவ்வளவுதான் என் திட்டம். இவ்வளவுதான் என்று நான் அப்போது எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பெரிய கணவாய் ஒன்றைத் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்குக்கு இறங்கினோம். எங்கள் டிரைவர் லடாக்குக்காரர், இந்தியில் நாலு வார்த்தைதான் பேசுவார். வண்டியின் பின்சீட்டுக்குக் கீழே ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் மாஸ்க்கும் வைத்திருந்தார். நான் முதல் வேலையாக அதைப் பார்த்து, வால்வைச் சரிபார்த்துவைத்துக்கொண்டேன்.

பள்ளத்தாக்கில் நிஜமாகவே மணல்மேடு இருந்தது. நாலு பக்கமும் பனிமலை, நடுவில் சாம்பல் நிற மணல், அதில் இரண்டு திமில் ஒட்டகம். அத்தான் ஒட்டகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "இது ஒட்டகத்துல சேர்த்தி இல்ல. நான் அங்க கண்டதுதான் ஒட்டகம்" என்றார். ஒட்டகம் ஓட்டி வந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாதது அவர் அதிர்ஷ்டம். மகள் ஒட்டகத்தில் ஏறினாள், நானும் ஏறினேன். இரண்டு திமிலுக்கும் நடுவில் உட்கார்ந்து, அதன் கழுத்து மயிரைப் பிடித்துக்கொண்டு போனபோது ஒரு பத்து நிமிஷம் நான் எல்லாவற்றையும் மறந்துதான் இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று தங்கினது ஓடைக்கரையில் ஒரு முகாம். வரிசையாகக் கூடாரம், நடுவில் பாப்ளர் மரங்கள், கல்லில் விழுந்து ஓடுகிற பனித்தண்ணீர். மறுநாள் காலையில் பக்கத்திலிருந்த வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். கந்தக வாடை. பத்து நிமிஷத்துக்கு மேல் இறங்கி இருக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தது. அத்தான் முக்கால் மணி நேரம் கிடந்தார். "இதுதான் உடம்புக்கு மருந்து" என்றார். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பிலுள்ள தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். "கேறி வாங்க அத்தான், போதும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

அங்கிருந்து ஒரு ஆற்றின் ஓரமாகவே பாங்காங் ஏரிக்கு வழி. பாதையே ஆற்றுப்படுகைதான் பல இடத்தில். அத்தான் வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். அக்கா முதுகைத் தடவிவிட்டாள். "வளைவு கூடுதல்லா, அதாக்கும்" என்றார். காட்டுக் கழுதைக் கூட்டம் ஒன்று தூரத்தில் ஓடியது. மகள் காட்டினாள். அவர் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தார்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி இருக்கும். அந்த நீலத்தை நான் எங்கும் கண்டதில்லை. கன்னியாகுமரிக் கடல் பார்த்து வளர்ந்தவள்தான், இருந்தாலும் இது வேறு. அலை இல்லை, படகு இல்லை, மீன்வாடை இல்லை. ஒரே தண்ணீரில் பச்சை, நீலம், கருநீலம் என்று கோடு கோடாக. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி வெள்ளைக் கூடாரங்கள். எங்களுக்கு இரண்டு. அக்காளும் மகளும் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கப் போனார்கள். அக்கா போக மனமில்லாமல்தான் போனாள். "நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று அனுப்பினது நான்தான்.

கூடாரத்துக்குள் போனேன். அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலது கால் ஷூவை இடது காலில் போட முயன்றுகொண்டிருந்தார். "எங்க போறீங்க?" என்றேன். "பாத்ரூமுக்கு" என்று எழுந்து இரண்டு எட்டு வைத்தவர், குடித்தவன்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூடாரத் துணியைப் பிடித்தார். ஒரு காலுக்கு முன்னால் மறு காலை ஒட்டிவைத்து நடக்கச் சொன்னேன். முடியவில்லை. இன்று என்ன கிழமை என்று கேட்டேன். யோசித்தார். சொல்லத் தெரியவில்லை.

தலைக்குள் வீக்கம் தொடங்கிவிட்டது. இதற்கு மேல் விளையாட்டில்லை. உடனே ஆக்சிஜன் வைக்க வேண்டும், உடனே கீழே இறக்க வேண்டும். ஓடிப்போய் வண்டியிலிருந்து சிலிண்டரை எடுத்தேன். வண்டியை எடுத்துத் தயாராக நிறுத்தும்படி டிரைவரிடம் சைகை காட்டினேன். திரும்பி வந்தேன். இதுவரைக்கும் நான் செய்தது எல்லாம் ஒரு நர்ஸ் செய்ய வேண்டியதுதான்.

கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தேன். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. என் கையிலிருந்த மாஸ்க்கைப் பார்த்தார். "போடு பிள்ளே" என்றார். கையை நீட்டினார்.

அந்தக் கை நீளுவதைத்தான் நான் ஆறு வருஷமாகப் பார்த்திருந்தேன். சிலிண்டரை என் மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். போனை எடுத்து ரெக்கார்டிங்கை அமுக்கினேன். அக்காளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வாத்தியார் வீட்டுக்குக் காட்ட வேண்டும். ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும்.

"அத்தான், மண்டைக்காட்டு வாத்தியார் வீட்டுக்கு நீங்க போன் போட்டு என்ன சொன்னீங்க?" என்றேன்.

அவர் கண் என் மேல் நிலைக்காமல் சுற்றியது. சொன்னார். 'நான் சொன்னது பொய்யாக்கும்' என்று சொன்னார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டபோது என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்பா சாப்பிடாமல் படுத்த அந்த நாள் ஞாபகம் வந்தது. தெளிவாகச் சொல்லுங்கள் என்றேன். ஏன் சொன்னீர்கள் என்றேன். என் பேரைச் சொல்லிச் சொல்லுங்கள் என்றேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒன்றரை என்றுதான் என் மனசில் பதிந்திருக்கிறது.

"சித்தி" என்று ஒரு சத்தம். கூடாரத்து வாசல் துணியைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். ஷூவெல்லாம் ஏரி ஈரம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. வந்து சிலிண்டரை என் மடியிலிருந்து பிடுங்கினாள். அவளுக்கு வால்வு திறக்கத் தெரியவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினாள். நான்தான் வாங்கித் திறந்தேன். நான்தான் மாஸ்க்கை மாட்டினேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வண்டியில் தூக்கிப் போட்டு, கீழே உள்ள ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க நான் அவர் தலையை என் தோளில் தாங்கி, நாடி பிடித்து, தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன். அங்கிருந்த டாக்டர் ஊசி போட்டார், விடிய விடிய ஆக்சிஜன் கொடுத்தார். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் மத்தியானம் அத்தான் எழுந்து உட்கார்ந்து சாயா கேட்டார். முந்தின நாள் காலை வெந்நீர் ஊற்றில் இறங்கினது வரைக்கும் ஞாபகம் இருந்தது. ஏரி ஞாபகம் இல்லை. கூடாரம் ஞாபகம் இல்லை. நான் கேட்டதும் அவர் சொன்னதும் ஒன்றுமே ஞாபகம் இல்லை.

மூளை வீங்கின நோயாளி சொன்னதை எந்த வார்டிலும் யாரும் பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நானே சார்ட்டில் எழுதுவேன், நோயாளி தெளிவாக இல்லை என்று. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ரெக்கார்டிங்கை நான் அழிக்கவில்லை.

ஊருக்கு வந்த மூன்றாவது வாரம் அத்தான் வீட்டில் ஒரு விருந்து வைத்தார், உயிர் பிழைத்ததற்கு. சொந்தம் முழுக்க வந்திருந்தது. அவர் முன்னறையில் நடுவாக உட்கார்ந்து கதை சொன்னார். "எனக்க உயிர் இவ தந்ததாக்கும். இவ இல்லேன்னா என்னைப் பொதிஞ்சு கட்டித்தான் கொண்டு வந்திருப்பாவ. நான் அங்க எத்தனையோ நர்ஸைக் கண்டிருக்கேன். இவளைப் போல யோக்கியமான ஒருத்தியை நான் கண்டதில்ல. இதை எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா எழுந்துவந்து என் தலையில் கை வைத்தாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நான் ஆறு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். கேட்காமலே கிடைத்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் எடுத்த பேரை, ஊர் கேட்கத் திருப்பி என் கையில் வைத்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மன்னிப்புக் கேட்காமல், தான் செய்தது என்னவென்று தெரியாமல், வள்ளலைப்போல் வாரிக் கொடுக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மகள் அந்தப் பேச்சின் நடுவிலேயே எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

லடாக்கிலிருந்து வந்த பிறகு அவள் எனக்கு போன் செய்யவில்லை. நான் செய்தால் எடுப்பாள், "ம்", "செரி" என்பாள். அதற்கு முன்பெல்லாம் அவளுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட என்னிடம் சொல்லுவாள். நான் பின்னாலேயே அடுக்களைக்குப் போனேன். அவள் சிங்க் பக்கத்தில் சும்மா நின்றாள்.

"மக்கா, உனக்க அப்பா எனக்கு என்ன செய்தாருன்னு உனக்குத் தெரியாது" என்றேன். மண்டைக்காட்டு வாத்தியார் கதை முழுக்கச் சொன்னேன். முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொல்லுகிறேன். வடசேரிச் சந்தை வரைக்கும் சொன்னேன். அவள் கண் நிறைந்தது. என் பக்கம் வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்பா செய்தது பெரிய தப்பு சித்தி. நான் அவருக்கிட்ட கேக்கத்தான் போறேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு ரெக்கார்டு பண்ணுனீங்கல்லா? இருக்கா?" என்றாள்.

"இருக்கு. அவரு வாயாலயே சொன்னது."

"போடுங்க."

நான் அதுவரை அதை ஒரு தடவையும் போட்டுக் கேட்டதில்லை. போனை அரிசிப் பானை மேல் வைத்துப் போட்டேன். சத்தம் குறைத்து வைத்தேன், முன்னறையில் ஆள் இருக்கிறதே. கூடாரத் துணி காற்றில் அடிக்கிற ஓசை. அவர் மூச்சு இழுக்கிற ஓசை. என் குரல், ரொம்ப நிதானமாக, வார்டில் பேசுகிற குரல். என் கேள்வி. அவர் பதில். "பொய்யாக்கும் பிள்ளே. நான் சொன்னது ஒக்கப் பொய். தாயேன் அதை."

மகள் நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தது. இன்னொருக்கா சொல்லுங்க என்று நான் கேட்டேன். பொய்யாக்கும் என்றார். எதுக்குச் சொன்னீங்க என்று கேட்டேன். அவருக்கு வார்த்தை வரவில்லை. திரும்பக் கேட்டேன். மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது. இன்னொருக்கா என்றேன். இன்னும் கொஞ்சம் உரக்க என்றேன். அவர் பிள்ளே, பிள்ளே என்று மட்டும் சொன்னார். நான் மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன். சித்தி என்ற சத்தம் வந்ததும் அது நின்றது.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நாலு நிமிஷம் பத்து செகண்ட்.

"முதல் நிமிஷத்திலேயே அப்பா சொல்லியாச்சே சித்தி" என்றாள். அவள் கோபப்படவில்லை. பிள்ளையாக இருக்கும்போது கணக்கில் சந்தேகம் கேட்பாளே, அப்படித்தான் கேட்டாள். "பொறவு எதுக்குக் கேட்டுட்டே இருந்தீங்க?"

நர்ஸ் பேச்சாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நினைவு தப்பாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பக்கூடச் செய்திருப்பாள். முன்னறையில் அத்தான் என்னைத்தான் இன்னும் புகழ்ந்துகொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கேக்க நல்லா இருந்துது மக்கா" என்றேன்.